கல்லாப்பெட்டி, பேரேடு, கைபேசி: திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை முன்வைத்து ஒரு பாதுகாப்பு வரலாறு

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசரின் முயற்சியால் உருவான சந்தை. நாஞ்சில் நாட்டின் விளைபொருளும் திருநெல்வேலிப் பக்கத்துச் சரக்கும் இங்கே வந்து இறங்கின. அவற்றோடு தமிழ் பேசும் வணிகக் குடும்பங்களும் வந்து தங்கின. இத்தெருவில் பாத்திரக்கடை நடத்திய ஆ. மாதவன் (1934–2021) எழுதிய கடைத்தெருக் கதைகளின் வழியாக, இந்த இடம் தமிழ் இலக்கிய வாசகர்களுக்கும் அறிமுகமானதே.

இன்று இத்தெருவின் எந்தக் கடையிலும் மேசைமீது ஒரு கைபேசி கிடக்கிறது. பணம் அதில் வருகிறது, கணக்கு அதில் இருக்கிறது, கொள்முதலும் வாடிக்கையும் அதன் வழியே நடக்கின்றன. அதன் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் அதைக் கணினித் துறையின் புதிய சிக்கலாகவே பெரும்பாலும் விளக்குகின்றனர். ஆனால் சிறுவணிக வரலாற்றின் பக்கமிருந்து பார்த்தால், இது பழைய கேள்வி ஒன்றின் அண்மைய வடிவம். கடையின் பணம், கணக்கு, சொல், பெயர் ஆகிய நான்கும் யார் கையில் இருக்க வேண்டும் என்பதே அக்கேள்வி. அதற்குக் கடைத்தெரு நெடுங்காலம் ஒரு விடை வைத்திருந்தது. கைபேசி அந்த விடையைக் கலைத்துவிட்டது. இதன் விளைவுகளே இக்கட்டுரையின் பொருள்.

1. நான்கு பொருள்கள், நான்கு கைகள்

கைபேசிக்கு முந்தைய கடையில் பணம் கல்லாப்பெட்டியில் இருந்தது. அதன் சாவி முதலாளியிடமோ அவர் மகனிடமோ இருந்தது. கணக்கு, நாள்வழியிலும் பேரேட்டிலும் இருந்தது. அதை எழுதியவர் கணக்குப்பிள்ளை. (நாள்வழி, பேரேடு ஆகிய இரு சொற்களுமே தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானவை என்பது இந்நகரத்தின் வணிக வரலாற்றுக்கு ஒரு சிறு சான்று.) சரக்கு கிடங்கில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தவர் கடைப்பையன். வெளியூர் வணிகரோடான சொல், கடிதத்திலும் தந்தியிலும் தரகரின் வாயிலும் இருந்தது. கடையின் பெயர் முத்திரையிலும் கையொப்பத்திலும் இருந்தது.

இந்த ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று எவரும் அழைக்கவில்லை. அது வேலைப் பிரிவினையாகவே கருதப்பட்டது. ஆனால் அதன் பயன் பாதுகாப்பாக இருந்தது. பணத்தைத் தொட்டவர் கணக்கை எழுதவில்லை. கணக்கை எழுதியவர் பணத்தைத் தொடவில்லை. ஒருவர் தவறினால் மற்றவரின் ஏடு அதைக் காட்டிக்கொடுத்தது. மாலையில் கல்லாவை எண்ணி நாள்வழியோடு ஒப்பிட்ட அந்தச் சில நிமிடங்களே கடையின் தணிக்கை. இன்றைய தணிக்கை நூல்கள் கடமைப் பிரிப்பு என்று கூறும் கொள்கை, பெயர் இல்லாமலே அங்கே வழக்கத்தில் இருந்தது.

இதைப் பொற்காலமாகக் காட்டுவது பிழையாகும். அந்த ஒழுங்கில் கடைப்பையன் எப்போதும் ஐயத்துக்கு உரியவனாகவே இருந்தான். சாவி குடும்ப ஆண்களின் கையை விட்டு வெளியே போகவில்லை. பேரேடு எரிந்தாலோ கரையான் அரித்தாலோ மறுபடி இல்லை. இருந்தும் ஒரு நன்மை அதில் உறுதியாக இருந்தது: ஒரு பொருள் தொலைந்தால் மற்ற மூன்றும் தப்பின.

2. பூட்டப்பட்ட தொலைபேசி

கடைக்கு வந்த முதல் மின்கருவிகளுள் ஒன்று தொலைபேசி. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, திருவனந்தபுரமும் அதன் நெற்களஞ்சியமாக இருந்த நாஞ்சில் நாடும் இருவேறு மாநிலங்களாயின. சந்தைத் தொடர்பு அறுபடவில்லை. நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் போன டிரங்க் அழைப்புகளும் பின்னர் எஸ்.டி.டி. அழைப்புகளும் கடைச் செலவில் தனி இடம் பெற்றன.

இந்தியா முழுவதும் போலவே, இக்காலத் தொலைபேசிகளில் ஒரு சிறு பூட்டைக் காண முடிந்தது. எண்வட்டின் துளையில் மாட்டப்பட்ட அப்பூட்டு வட்டைச் சுழலவிடாது தடுத்தது. சிறுவணிகம் ஒரு தொடர்புக் கருவியைப் பாதுகாக்க எடுத்த தொடக்ககால முயற்சிகளுள் இதுவும் ஒன்று. இதன் தோல்வியும் பாடமாகவே அமைந்தது. வட்டைச் சுழற்றும்போது இணைப்பகத்துக்குச் சென்றவை மின்துடிப்புகள். பேசும் குழலை வைக்கும் கொக்கியை உரிய வேகத்தில் தட்டினாலும் அதே துடிப்புகள் சென்றன. ஏழு முறை தட்டினால் ஏழு. பூட்டு வட்டில் இருந்தது; வழி வேறிடத்தில் திறந்திருந்தது. மின்னணு இணைப்பகங்கள் பரவியபின் வெளியூர் அழைப்பைக் கடவு எண்ணால் பூட்டும் வசதி வந்தது. அப்போதுதான் பாதுகாப்பு கருவியின் உடலிலிருந்து இரகசிய எண்ணுக்கு மாறியது. அந்த எண்ணையும் கடையில் பலருக்குச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது என்பது, பின்னர் வரவிருந்த சிக்கலின் முன்னறிவிப்பு.

அன்றைய இழப்பின் எல்லை சிறியது. பூட்டைத் தாண்டியவர் தொலைபேசிக் கட்டணத்தை ஏற்றலாம். கல்லாவையோ பேரேட்டையோ அவர் அந்தக் கருவி வழியே நெருங்க முடியாது.

3. முதலாளியின் எண், கடையின் பெயர்

இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து தில்லிக்குச் சென்றது. கேரளத்தின் முதல் அழைப்பு 1996 செப்டம்பர் 17 அன்று கொச்சியில் நிகழ்ந்தது. அதில் பேசியவர்களுள் ஒருவர் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை. அக்காலத்தில் உள்வரும் அழைப்புக்கும் கட்டணம் இருந்தது. ஆகவே கைபேசி கடையின் பொதுக் கருவியாகாமல் முதலாளியின் சட்டைப்பையிலேயே தங்கியது. எண்ணையும் அவர் எல்லோருக்கும் தரவில்லை.

2003இல் அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை வந்ததும் நிலைமை தலைகீழானது. அழைப்பு வருவது செலவில்லாததாயிற்று. கடைப் பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் கைபேசி எண் ஏறியது. தனி மனிதர் ஒருவரின் பெயரில் வாங்கப்பட்ட சிம் அட்டை கடையின் பொது முகவரியாக மாறியது இந்தக் கட்டத்தில்தான். இந்த மாற்றத்தைப் பதிவு செய்த ஆவணம் எதுவும் கடையில் இல்லை. யாரும் அதை ஒரு முடிவாக எடுக்கவுமில்லை. ஆயினும் பின்னர் வந்த பெரும்பாலான சிக்கல்களுக்கு இதுவே வேர். எண் கடையுடையதா, முதலாளியுடையதா, பில் போடும் ஊழியருடையதா என்ற கேள்வி அன்று எழவில்லை.

சாலைத் தெருவுக்கு உரிய ஒரு சூழலும் இதில் உண்டு. கேரளமும் தமிழ்நாடும் வெவ்வேறு தொலைத்தொடர்பு வட்டங்கள். களியக்காவிளையைத் தாண்டியதும் ரோமிங் கட்டணம் தொடங்கியது. எல்லையின் இருபுறமும் வணிகம் செய்வோர்க்கு இரு மாநில சிம்களை வைத்துக்கொள்வது சிக்கனமாக இருந்தது. இரு சிம் கைபேசிகள் மலிவாகக் கிடைத்ததும் அது எளிதாயிற்று.

மலிவுக் கருவிகளோடு வேறொரு குறையும் வந்தது. ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய 15 இலக்க ஐஎம்இஐ அடையாள எண் அவற்றுள் பலவற்றில் இல்லை. அத்தகைய கருவிகளுக்கான சேவையை 2009 டிசம்பர் 1 முதல் நிறுத்துமாறு மத்திய அரசு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து, அட்டை எண்ணைக் கொண்டு இணையத்தில் பணம் செலுத்துவதற்குக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதியும் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சரிபார்ப்புக்கு உரிய ஒருமுறைக் கடவுஎண் கைபேசிக்கே வரலாயிற்று. பேசுவதற்கு வாங்கப்பட்ட கருவி, வங்கியின் பார்வையில் ஒருவரின் கையொப்பமாக மாறத் தொடங்கியது.

4. 2016: நான்கும் ஒரே கையில்

யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. சில்லறை இல்லாத கடைத்தெரு, சுவரில் ஒட்டிய க்யூ.ஆர். குறியீட்டுக்கு நகரத் தொடங்கியது. 2018இல் வணிகர்களுக்கான வாட்ஸ்அப் வந்தது. விலைப்பட்டியல், கொள்முதல் ஆணை, கடன் நினைவூட்டல் எல்லாம் அதற்குள் சென்றன.

யுபிஐயின் கட்டமைப்பு, கைபேசியின் வரலாற்று இடத்தை மாற்றிய விதம் கவனத்துக்குரியது. செயலியைத் தொடங்கும்போது, வங்கியில் பதிந்த சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி செல்கிறது. அதனால் எண், கருவி, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் ஒன்றாகக் கட்டப்படுகின்றன. பணம் அனுப்ப இரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. வடிவமைப்பில் இது தெளிவானது. ஆனால் இது ஒருவர், ஒரு கைபேசி, ஒரு கணக்கு என்ற தனிமனிதக் கற்பனையில் அமைந்தது. கடையில் முதலாளி, அவர் மகள், பில் போடுபவர், மாலை நேர உதவியாளர் என நான்கு பேர் ஒரு கைபேசியைத் தொடுகிறார்கள். கல்லா, பேரேடு, கடிதம், முத்திரை என்று நான்கு கைகளில் இருந்தவை ஒரு கருவியில் சேர்ந்தன. அந்தக் கருவி நான்கு கைகளுக்கும் திறந்திருந்தது. பழைய ஒழுங்கின் நேர்மாறு இது.

மோசடிகளும் இந்த இணைப்பையே குறிவைத்தன. பெறுவதற்கும் இரகசிய எண் இட வேண்டும் என்று நம்பவைத்து, பணம் கோரும் வேண்டுகோளை அனுப்பிப் பறிப்பது ஒரு வகை. தனிநபர்களுக்கு இடையிலான அத்தகைய வேண்டுகோள் வசதியே 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டது. உரிமையாளரின் பெயரில் மாற்று சிம் பெற்று அவருடைய எண்ணைக் கைப்பற்றுவது இன்னொரு வகை. சிம் மாற்றிய ஏழு நாட்களுக்குள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்ற விதி 2024 ஜூலையில் வந்ததன் காரணம் இதுவே. செலுத்தியதாகப் போலித் திரையைக் காட்டிச் செல்வது மூன்றாவது வகை.

திருவனந்தபுரத்திலேயே 2025இல் பேசப்பட்ட ஒரு வழக்கு இவ்வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையது. ஒரு சிறு விற்பனையகத்தில், வாடிக்கையாளர் செலுத்திய தொகை கடையின் குறியீட்டுக்குச் செல்லாமல் ஊழியர்களின் சொந்தக் குறியீடுகளுக்குத் திருப்பப்பட்டது என்பது உரிமையாளர் தரப்புக் குற்றச்சாட்டு. ஊழியர்களும் எதிர்ப்புகார் அளித்தனர். வழக்கு குற்றப்பிரிவு விசாரணைக்குச் சென்றது. யார் சரி என்பது நீதிமன்றத்துக்கு உரியது. வரலாற்று மாணவருக்கு உரியது வேறு: இவ்வகை இழப்புக்கு எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்க வேண்டியதில்லை. விற்பனையை எழுதும் கையும் பணம் வந்ததைப் பார்க்கும் கையும் ஒன்றாக இருந்தாலே போதும். நாள்வழியையும் கல்லாவையும் மாலையில் ஒப்பிட்ட அந்தச் சில நிமிடங்களின் இன்மையே இதற்கு இடம் தருகிறது.

5. கழக்கூட்டமும் சாலையும்

இதே நகரத்தில், சாலையிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கழக்கூட்டத்தில் 1990இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க் இயங்குகிறது. கேரளக் காவல்துறையின் சைபர்டோம் மையமும் 2016 முதல் அங்கேதான் செயல்படுகிறது. கணினித் தடயவியலுக்கான கருவிகளை உருவாக்கிய சி-டாக் நிறுவனத்தின் மையமும் இந்நகரத்தில் உள்ளது. அறிவு தொலைவில் இல்லை. அது கடைக்கு வந்து சேரும் வழிதான் நீளமானது.

பெருநிறுவனங்கள் கைபேசிகளை மேலாண்மை செய்யத் தனி மென்பொருள்களை வளர்த்தன. பிளாக்பெர்ரி காலத்திலேயே தொலைந்த கருவியை அலுவலகத்திலிருந்தே அழிக்க முடிந்தது. 2010இல் ஐபோனுக்கும், 2015இல் ஆண்ட்ராய்டுக்கும் நிறுவன மேலாண்மை வசதிகள் வந்தன. ஆண்ட்ராய்டில் அலுவலகப் பகுதியையும் சொந்தப் பகுதியையும் ஒரே கருவிக்குள் பிரித்துவைக்க முடிந்தது. இந்த ஏற்பாடுகளை இயக்க ஒரு நிர்வாகி தேவை. நான்கு பேர் வேலை செய்யும் கடையில் அத்தகையவர் இல்லை.

ஆனால் அவ்வசதிகளின் எளிய வடிவம் 2013 முதலே சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசிக்கும் இலவசமாகக் கிடைத்தது. தொலைந்த கருவியைத் தேடவும், பூட்டவும், அழிக்கவும் அதனால் முடியும். ஒரே நிபந்தனை, கருவியோடு இணைந்த கணக்கின் கடவுச்சொல் உரிமையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைபேசி விற்றவரே கணக்கைத் தொடங்கிக் கொடுத்து, கடவுச்சொல் எவர் நினைவிலும் இல்லாத நிலை சிறு கடைகளில் அரிதன்று. சாவியை ஆசாரியிடமே விட்டுவந்த கல்லாப்பெட்டிக்கு இது ஒப்பாகும். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது திரைப்பூட்டின் எண்ணையும் சேர்த்தே சொல்லிவிட்டு வருவதும் அத்தகையதே.

6. இழப்பின் சுமை யார்மீது

கேள்வி கடை முதலாளியின் இழப்போடு முடிவதில்லை. 2023 வாக்கில் கேரளத்தில் பல சிறுவணிகர்களின் வங்கிக் கணக்குகள் திடீரென முடக்கப்பட்டன. வேறு மாநிலத்தில் மோசடியாகப் பெறப்பட்ட தொகையின் ஒரு பகுதி, பல கைகள் மாறி, ஒரு வாடிக்கையாளர் வழியாக அக்கணக்கில் வந்து சேர்ந்தது என்பதே காரணம். சில நூறு ரூபாய்க்காக முழுக் கணக்கும் நின்றது. சந்தேகத்துக்குரிய தொகை அளவுக்கே முடக்கம் இருக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் அறிவுறுத்தியது. தவறேதும் செய்யாத கடைக்காரர் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது அவருடைய பதிவேட்டால்தான். எந்த நாளில், எந்தச் சரக்குக்கு, யாரிடமிருந்து அத்தொகை வந்தது என்று காட்டும் நாள்வழி இருந்தவர் விடை சொல்ல முடிந்தது. கைபேசியின் பரிவர்த்தனைப் பட்டியல் தொகையைக் காட்டும், சரக்கைக் காட்டாது.

மறுபுறம் ஊழியர் இருக்கிறார். பல கடைகளில் ஊழியரின் சொந்தக் கைபேசியே கடையின் கருவியாகவும் பயன்படுகிறது. வாடிக்கையாளர் எண்கள் அதில் சேர்கின்றன. அவர் வேலையை விட்டால் அவையும் செல்கின்றன. அதைத் தடுக்க முற்படும் முதலாளி, ஊழியரின் கைபேசியைத் திறந்து பார்க்கும் உரிமையைத் தமக்கே வழங்கிக்கொள்கிறார். பழைய கடையின் ஐயம் இப்போது ஒருவரின் குடும்பப் படங்கள் வரைக்கும் நீளுகிறது. கடைக்கென ஒரு தனிக் கருவி வாங்காத சிக்கனத்தின் விலையை இங்கே செலுத்துபவர் ஊழியரே. மூன்றாமவர் வாடிக்கையாளர். 2023இன் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவருடைய எண்ணும் முகவரியும் காக்கப்பட வேண்டியவை என்கிறது. கடையின் கைபேசி அவருக்கும் கடன்பட்டது.

7. மீண்டும் பிரித்தல்

கடைத்தெரு இதற்குத் தானே சில விடைகளைக் காணத் தொடங்கியுள்ளது. அவற்றுள் மிக எளியது, வரவை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி. கைபேசி முதலாளியிடம் இருக்க, பெட்டி மேசைமீது இருந்து, வந்த தொகையை எல்லோர் காதிலும் போடுகிறது. இதன் வெற்றிக்கு வசதி ஒரு காரணம்; ஆழமான காரணம், அது பணத்தைப் பார்ப்பதையும் பணத்தை ஆள்வதையும் மறுபடி பிரித்தது என்பதே. ஊழியர் வரவை அறிகிறார், கணக்கைத் தொடுவதில்லை. போலித் திரையும் அங்கே செல்லாது. ஐயத்திலிருந்து ஊழியரை விடுவிக்கும் சாட்சியாகவும் அப்பெட்டி நிற்கிறது.

ஏனைய பிரிவுகளும் இதே தருக்கத்தில் அமைபவை. கடைக்கென ஒரு கருவியும் சிம்மும் இருப்பது, பெயரைத் தனிமனிதரிடமிருந்து பிரிப்பது. அனுப்பும் இரகசிய எண் ஒருவரிடம் மட்டும் இருப்பது, கல்லாச் சாவியை மீட்பது. வாட்ஸ்அப்பில் இணைந்துள்ள பிற கருவிகளை அவ்வப்போது பார்த்து, விலகியவரின் இணைப்பைத் துண்டிப்பது, கடையின் சொல்லைக் காப்பது. அன்றாட விற்பனையைக் கருவிக்கு வெளியே ஓர் ஏட்டில் எழுதி மாலையில் ஒப்பிடுவது, கணக்கைப் பணத்திலிருந்து பிரிப்பது. அந்த ஏட்டின் முதல் பக்கத்தில் ஐஎம்இஐ எண் எழுதப்பட்டிருந்தால் (*#06# என்று அழுத்தினால் அது தெரியும்), தொலைந்த கருவியை 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் விரிந்த மத்தியப் பதிவேட்டின் வழி முடக்கலாம். 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே சொன்னால், போன பணம் அடுத்த கைக்கு மாறுமுன் தடுக்கும் வாய்ப்பு உண்டு.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஆயினும் இவை வழக்கமாகவில்லை. பழைய கடையில் பிரிவு பொருள்களின் இயல்பிலேயே இருந்தது: பெட்டி வேறு, ஏடு வேறு, கடிதம் வேறு. அவற்றைப் பிரித்துவைக்க யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கைபேசியில் எல்லாம் ஒரே கண்ணாடியின் பின்னால் இருப்பதால், பிரிவை மனிதரே முடிவுசெய்து நாள்தோறும் கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது. சிறுவணிகத்தின் கைபேசிப் பாதுகாப்பை ஆராய்வோர் மென்பொருளின் வரலாற்றோடு பேரேட்டின் வரலாற்றையும் படிக்க வேண்டியதன் காரணம் இதுவே. சாலைக் கடைத்தெருவின் கணக்குப்பிள்ளைகள் எழுதிவைத்த ஏடுகள், அவை எஞ்சியிருக்கும் இடங்களில், அந்த ஆய்வுக்கான முதன்மைச் சான்றுகள். விலைகளையும் கடன்களையும் மட்டும் அவற்றில் தேடாமல், எந்தப் பக்கத்தை யார் எழுதினார், யார் சரிபார்த்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய காலம் இது.